கல்பகம் வீட்டுப் புதுப் பொம்மை

ஏ.எஸ்.ராவ் நகரில் நாராயணஸ்வாமியின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "மழை வந்தா மணி அடிக்குமே, அந்த வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மொட்டைமாடியில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தது. அதன்மேல் முதல் துளி விழுந்ததும் கீழே அடுக்களையில் மணி அடிக்கும், சத்தம் கேட்டுத் தெருவே மாடிக்கு ஓடித் துணிகளை அள்ளும். புறா எச்சமிட்டாலும் அதே மணிதான். கொளுத்துகிற மே மாத வெயிலில் தெரு மொத்தமும் மாடியில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துத் திட்டியிருக்கிறது. ஆனால் அதைக் கழற்றிப் போடுங்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

இதையெல்லாம் செய்தது நாராயணஸ்வாமி என்று நினைத்துவிடக் கூடாது. அவர் பல்பு மாற்றவேண்டுமென்றால் ஒருவர் நாற்காலியைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் தைரியம் சொல்ல வேண்டும். காஞ்சன்பாக்கில் ஒரு ராணுவத் தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். செய்ததெல்லாம் அவர் மனைவி கல்பகம். இதே பேட்டையில் இருக்கும் பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஒயரிங் பிரிவில் வேலை பார்த்தவள். அங்கே கண்ணும் கருத்துமாகச் செய்ததை வீட்டுக்கு வந்து விளையாட்டாகச் செய்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

குக்கர் விசிலை எண்ணும் பெட்டி ஒன்று செய்தாள். அது ரொம்ப நியாயமான பெட்டி. பக்கத்து வீட்டுச் சாந்தாவின் குக்கர் அடித்த விசிலையும் ஓரவஞ்சனை பார்க்காமல் சேர்த்து எண்ணியது. ஒரு வாரம் நாராயணஸ்வாமி அரைவேக்காட்டுச் சோறு தின்றார். கடைசியில் சாந்தாவே, "ஹவ் மாமி, நீங்க முதல்ல வைங்க, நான் அப்புறமா வைக்கிறேன். கைக்கு டென்ஷன்?" என்று ஒப்பந்தத்துக்கு வந்தாள். சாந்தா மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், பேச்சில் உருது கலக்கும்: 'ஹவ்' என்றால் ஆமாம், 'கைக்கு' என்றால் எதற்கு. அவளுக்கு எந்தச் சண்டையும் அரை நிமிடத்துக்கு மேல் ஓடாது.

மூக்குக்கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டு வீட்டைப் புரட்டிப்போடுவது நாராயணஸ்வாமியின் வழக்கம். அதற்காகக் கண்ணாடிக்கூட்டுக்குள் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினாள். கைதட்டினால் அது குயில் மாதிரிக் கூவும். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மனுஷர் கோயில் பஜனைக்குப் போய்விட்டார். சபை மொத்தமும் தாளம் தட்ட, அவர் நெஞ்சிலிருந்து குயில் விடாமல் கூவியது. பாகவதர் நல்ல மனுஷர், "பேஷ்" என்று சொல்லிவிட்டு மேலே பாடினார். வீட்டுக்கு வந்து நாராயணஸ்வாமி குதித்தார். கல்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே அவர் இன்னும் நாலு தரம் குதித்திருப்பார். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார், உள்ளுக்குள் அவருக்கு அவளைப்பற்றிக் கொள்ளாத பெருமை.

ஆனால் தெரு காத்திருப்பது இதற்கெல்லாம் அல்ல, நவராத்திரிக்கு. கொலு வைக்கிற வீடுகளில் வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர வேண்டும் என்பது வழக்கம். மற்றவர்கள் கடையில் வாங்குவார்கள். கல்பகம் வீட்டில் புதுப் பொம்மை அவள் செய்ததாக இருக்க வேண்டும், அசையவும் வேண்டும். அது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். சார்மினாரைச் சுற்றிச்சுற்றி வந்து, நடுநடுவே பெட்ரோல் தீர்ந்த மாதிரி நின்றுபோகும் ஆட்டோ ஒரு வருஷம். போன வருஷம் இரானி சாயாக்காரர். ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்குத் தேநீரை உயரத் தூக்கி ஆற்றி, முடித்ததும் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். பக்கத்துப் பேட்டைகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். சுண்டல் தீர்ந்துபோய்ப் பொரியும் சர்க்கரையும் கொடுத்து அனுப்பும்படி ஆயிற்று.

இந்த வருஷம்தான் அவள் வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு கை முழுவதும். நடுக்குவாதம் என்றார் டாக்டர். மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாம், போகாது என்றும் சொன்னார். சும்மா மடியில் வைத்திருந்தால் கை தன்பாட்டுக்கு ஆடியது. வேலைக்கு எடுத்தால் ஆட்டம் கொஞ்சம் குறையும், ஆனால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் இன்னும் மோசம். பானிபூரிக்காரர் பொம்மை ஒன்றைத் தொடங்கிப் பார்த்தாள். சால்டரிங் அயர்ன் நழுவி மேஜை விரிப்பைப் பொசுக்கியது, மறுபடி நழுவி அவள் விரலையே சுட்டது. எடுத்த கருவிகளையெல்லாம் பெட்டியில் போட்டு மூடினாள்.

"புதுசு இல்லாம கொலு என்னத்துக்கு? படியைச் சாந்தாவுக்குக் குடுத்துடலாம். இந்தப் பெட்டியையும் யாருக்காவது குடுத்துடுங்கோ" என்றாள்.

அழுதிருந்தால் அவர் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பார். அவளோ மார்க்கெட்டுக்குப் போய் வாருங்கள் என்கிற குரலில் சொன்னாள். அந்தப் பெட்டி வெளியே போனால் அதோடு கல்பகத்தின் பாதி போய்விடும் என்று அவருக்குத் தெரியும். இந்த நவராத்திரிக்குப் புதிதாக ஒன்று படியேறியாக வேண்டும், எப்பாடு பட்டாவது.

பட்டார். பஸ் பிடித்துப் பேகம் பஜாருக்குப் போய், தோகை விரித்து மூடும் பிளாஸ்டிக் மயில் ஒன்றை வாங்கிவந்தார். கம்பெனி முத்திரையை நகத்தால் சுரண்டினார். கல்பகத்தின் கைவேலை என்று தோன்றவேண்டுமே, அதற்காக வீட்டில் கிடந்த நாலு கலர் ஒயரை எடுத்து அடியில் செருகி வெளியே தொங்கவிட்டார். அத்தோடு நிற்கக் கூடாதா? கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற சாந்தாவிடம், "மாமி மயில் பண்ணி முடிச்சுட்டா" என்றும் சொல்லிவைத்தார். சாந்தாவிடம் சொன்னது அன்று மாலைக்குள் பஸ் ஸ்டாப்வரை போய்விட்டது.

கல்பகம் மயிலைப் பார்த்தாள். முதலில் தோகையைக்கூடப் பார்க்கவில்லை, ஒயரைத்தான் பார்த்தாள்.

"இது என்ன?"

"நீ பண்ணினதுன்னு சொல்லிக்கலாமேன்னு..."

"நான் பண்ணினதா?" அவள் குரல் உயர்ந்தது. "நான் என்னிக்காவது ஒயரை இப்படித் தொங்க விட்டிருக்கேனா? சீவி முடிஞ்ச தலை மாதிரி இருக்கும் என் ஒயரிங். இதை என் பேர்ல வெக்கப் பாத்தேளே! கை ஆடறதுதான், நான் இல்லேன்னு சொல்லலை. அதுக்காக எனக்கு இந்த மட்டமான வேலையா?"

நல்லது செய்யப்போய் அவளுடைய தொழிலையே கேவலப்படுத்திவிட்டோம் என்பது நாராயணஸ்வாமிக்கு அப்போதுதான் உறைத்தது. சுருக்கென்று கண்ணில் நீர் வந்தது. சாந்தாவிடம் சொன்னதையும் அவரே ஒப்புக்கொண்டார். கல்பகம் கொஞ்ச நேரம் ஆடுகிற கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேள். இனிமே ஏதாவது பண்ணித்தானே ஆகணும்" என்று எழுந்து அறைக்குள் போனாள்.

அதற்குப் பிறகு அவருக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து சாமான் மட்டும் கேட்பாள். பழைய கல்யாணப் பத்திரிகைகள். தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாக்கள், உள்ளே ஸ்பிரிங் இருப்பதாகப் பார்த்து. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு. சட்டை மாட்டும் கம்பி ஹேங்கர் ஒன்று. பேட்டரி கேட்கவில்லை, மோட்டாரும் கேட்கவில்லை. என்னத்துக்கு என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே பேப்பர் படிப்பதாகப் பாவனை செய்தார்.

கொலுவின் முதல் நாள் மாலை வீடு நிறைந்துவிட்டது. மயில் எங்குமே இல்லை. கீழ்ப்படியில், நடுவில் ஒரு குட்டிப் பதுக்கம்மா. தெலுங்குப் பெண்கள் இதே நாட்களில் பூவை அடுக்கடுக்காகக் கோபுரமாக்கிச் சுற்றிவந்து கும்மியடிப்பார்களே, அதுதான். மாடி வீட்டுச் சுஷ்மா கொண்டுவந்து கொடுத்த தங்கேடுப் பூவை, நம் ஆவாரம்பூவை, கல்பகம் கிள்ளிக்கிள்ளி அடுக்கியிருந்தாள். அதைச் சுற்றிக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய பெண்கள், தங்க எழுத்து மினுங்கும் புடவைகளில், பேனா ஸ்பிரிங்கின்மேல் நின்றார்கள். வெட்டு கோணல்மாணல். ஒருத்திக்கு ஒரு தோள் தூக்கியிருந்தது, இன்னொருத்திக்கு இடுப்பு ஒடிந்திருந்தது. இடது கையால் வெட்டியது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"மயிலு எங்க மாமி?" என்றாள் சாந்தா.

"பறந்துபோச்சு" என்றாள் கல்பகம். படிக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது அந்தப் பெண்கள் அசைந்தார்கள். இடுப்பு வளைந்தது, கைகள் முன்னே வந்து தட்டின, ஒருத்தி குனிந்தபோது அடுத்தவள் நிமிர்ந்தாள். மோட்டார் வைத்த பொம்மை ஒரே மாதிரித்தான் ஆடும். இவர்கள் அப்படி ஆடவில்லை. ஓய்ந்தார்கள், மறுபடி எழுந்தார்கள், கூட்டம் சேரச்சேர வேகம் பிடித்தார்கள். கோணல் தோள்காரி மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகமாகவே குலுக்கினாள். சுஷ்மா தன்னை மறந்து கைதட்டிப் பதுக்கம்மா பாட்டை எடுத்தாள், கூட வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"மோட்டர் எக்கட பாட்டி?" என்று சுஷ்மாவின் பெண் படியைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். ஒயரையும் காணோம், சத்தமும் இல்லை. நாராயணஸ்வாமிக்கும் பொறுக்கவில்லை. குனிந்து படித்துணியை மெல்லத் தூக்கினார்.

பெண்களின் ஸ்பிரிங்குகளைக் கோத்திருந்த ஹேங்கர் கம்பி படிக்கு அடியிலிருந்து வளைந்து வெளியே வந்து, கல்பகத்தின் புடவைத் தலைப்புக்குள் போயிற்று. கம்பியின் நுனியில் ஸ்பாஞ்சு சுற்றிய ஒரு வளையம். அதற்குள் அவள் வலது கையின் ஆள்காட்டி விரல். கை மடியில் சும்மா கிடந்து தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"எப்படியும் ஆடத்தான் போறது. அதுக்கு ஒரு வேலையைக் குடுத்தேன்" என்றாள் கல்பகம், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

நாராயணஸ்வாமி படித்துணியை இறக்கிச் சரிசெய்தார். இவளுக்குப் போய்க் கடைச் சரக்கு வாங்கிவந்தோமே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார். கூடவே, இப்படி ஒருத்தியோடு வாழக் கொடுத்துவைத்திருக்கிறோமே என்று நெஞ்சு விம்மியது.

சாந்தா காபி கலந்து கொண்டுவந்தாள். கல்பகம் வெகு நேரமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் பிடிச்சுக்கறேன், நீ காபி குடி" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து வளையத்துக்குள் தன் விரலை நுழைத்தார். பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். விரலை ஆட்டிப் பார்த்தார். எல்லோரும் ஒரே சமயத்தில் தூக்கிப்போட்ட மாதிரிக் குதித்தார்கள். இன்னும் மெதுவாக ஆட்டினார். ஒருத்தி பூக்கோபுரத்தின்மேல் தலைகுப்புறச் சாய்ந்தாள். வீடே சிரித்தது. சுஷ்மாவின் பெண், "தாத்தா, மீரு ஒத்து, நீங்க வேணாம்! பாட்டியே பண்ணட்டும்!" என்று கத்தினாள்.

"உங்களுக்கு வராது. தள்ளுங்கோ" என்றாள் கல்பகம்.

அவர் தள்ளிக்கொண்டார். அவள் சாய்ந்தவளை நிமிர்த்திவிட்டு, விரலை நுழைத்து, கையை மடியில் போட்டாள். வேறெதுவும் செய்யவில்லை. பெண்கள் மறுபடி கும்மியடிக்கத் தொடங்கினார்கள், சுஷ்மா விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தாள். நாராயணஸ்வாமி காபி டம்ளரை எடுத்து, அத்தனை பேருக்கு முன்னாலும் கூச்சமில்லாமல், மனைவியின் உதட்டருகே கொண்டுபோனார்.

"கொட்டாம பிடிங்கோ" என்றாள் கல்பகம்.