அக்கி எழுதிய ஒன்பது நாட்கள்

எழுமலைப் பக்கம் எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் முதல் போன் கருத்தக்கண்ணனுக்குத்தான் போகும். என் அக்கா செல்லத்தாயின் புருஷன், எனக்கு மச்சான். பதினெட்டு வருடம் அவரோடு வேலை பார்த்தேன். மேலே அவர், கிணற்றுக்குள் நான்.

மச்சானுக்கு ஒரு சட்டம் உண்டு. கிணற்றில் ஆள் இறங்குமுன் மோட்டார் பெட்டியில் இருக்கிற மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டாலும் கரண்டு கிணற்றுக்குள் வராது. பிறகு பையை இரண்டு தட்டுத் தட்டி, இறங்கு மாப்ள என்பார். அந்தத் தட்டலை நம்பித்தான் நான் அறுபதடி இறங்குவேன். கரண்டு இருந்தால் விளக்கெரிகிற டெஸ்டரைக்கூட எடுத்துப் போனதில்லை. எடுத்துப் போனால் அவரை நம்பாதவன் ஆகிவிடுவேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில் அவருக்கு அக்கி வந்தது. நெற்றியின் இடது பக்கம் கொப்புளம் கொப்புளமாய்க் கிளம்பி இமைவரை இறங்கியது. எரிச்சல் தாங்காமல் மனுஷன் துடித்தார். மதுரைக்குக் கூட்டிப்போக அக்கா பை எடுத்து வைத்துவிட்டாள். மறித்தவன் நான்தான். அக்கிக்கு ஊசி போட்டால் அது உள்ளே இறங்கிவிடும், எழுதினால் தானாகக் காய்ந்துவிடும் என்று பெரிய வைத்தியன் மாதிரிக் கத்தினேன். எங்கள் பக்கம் அக்கி என்றால் பானை செய்கிற வேளார் வீட்டுக்குத்தான் போவோம். அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசி, அதில் சிங்கம் எழுதி அனுப்புவார். அந்த வேளாரே மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலும் காட்டிவிடுங்கள் என்றுதான் சொன்னார். கேட்டேனா? வாய்க்கொழுப்பு. ஒன்பது நாள் எழுதினோம். பத்தாம் நாள் அக்கா என்னைக் கேட்காமலே அவரை பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாள். வந்த மூன்று நாளுக்குள் காட்டியிருந்தால் மாத்திரையிலேயே மட்டுப்படுத்தியிருக்கலாம் என்று கண் டாக்டர் திட்டினாராம். இடது கண் மங்கியது மங்கியதுதான்.

கண்ணோடு போயிற்று என்று இருந்தோம். இரண்டு வருடம் கழித்து மறதி ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, இன்னும் சோறு போடவில்லையா என்று அக்காவிடம் கோபிப்பார். காப்பர் கம்பி வாங்க மதுரைக்குப் போனவர் ஆரப்பாளையத்தில் கடைக்குப் போகாமல், எப்படியோ மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் போட்டார். தான் எதற்கு வந்தோம் என்று என்னிடம் கேட்டார்.

மூளை டாக்டரம்மா ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு அல்சைமர் என்றார். அப்போது மச்சானுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த அக்கிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அக்கா கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சின்ன வயதில் சின்னம்மை போட்ட கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் அடியில் பதுங்கியிருந்து, உடம்பு தளரும்போது அக்கியாக எழுந்து வருகிறது. அதை விரட்ட உடம்பின் எதிர்ப்புச் சக்தி பாய்கிறது. அந்தச் சண்டை ஓயாமல் நீண்டால் மூளையும் வீங்கிப் புண்படலாம், மறதி நோய்க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்கிறவர்கள் சந்தேகப்படுகிறார்கள். அக்கிக்குத் தடுப்பூசி போட்டவர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் குறைவாக வருவதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அக்கி வந்தவருக்கெல்லாம் மறதி வருவதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "சம்பந்தம் உண்டா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா" என்று சத்தம் போட்டேன்.

"எனக்குத் தெரியாதுய்யா. இவருக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அக்கிக்கு முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாலும் இந்த மறதி வந்திருக்கலாம்."

ஆமாம், உன்னால்தான் என்று அவர் சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படித் தூங்குவது?

இனி கரண்டு வேலையே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மச்சான் கேட்கவில்லை. விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். மனசு கேட்காமல் கூட்டிப்போனேன். பியூஸை நான் பிடுங்கிக்கொள்வேன், அவர் சும்மா உட்காரட்டும் என்பது என் கணக்கு. ஒருநாள் ஒரு தோட்டத்தில் நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவர் பெட்டிப் பக்கம் போய்விட்டு வந்தார். பையைத் தட்டினார். கட்டைகள் மோதும் சத்தம் எனக்கே கேட்டது. "இறங்கு மாப்ள" என்றார். பழக்கத்தில் இறங்கிவிட்டேன்.

ஆனால் டாக்டரம்மாவைப் பார்த்துவந்த நாளிலிருந்து அவருக்குத் தெரியாமல் இடுப்பில் டெஸ்டர் வைத்திருந்தேன். அடியில் போய் அறுந்த கேபிளில் அதை வைத்தேன். சிவப்பாய் எரிந்தது.

எப்படி ஏறினேன் என்று தெரியாது. பெட்டியைத் திறந்தால் யாரோ சுவிட்சைப் போட்டிருந்தார்கள், மூன்று கட்டைகளும் மாட்டின இடத்திலேயே இருந்தன. அவர் பையில் இருந்தவை முந்தின நாள் வேலை முடியாமல் விட்டுவந்த வேறொரு தோட்டத்தில் நான் பிடுங்குமுன் அவரே பிடுங்கி, திரும்ப மாட்டாமல் கொண்டுவந்தவை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த டெஸ்டரைத்தான் பார்த்தார்.

"என்னைய நம்பலையா மாப்ள?"

டெஸ்டரை அவசரமாய் இடுப்பில் செருகினேன். கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் வேலைக்கு வரவில்லை.

இப்போது அந்தக் கிணறு அவருக்கு ஞாபகமில்லை. டெஸ்டரும் ஞாபகமில்லை. சில நாள் என் பேர்கூட வருவதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து ஒன்றை மட்டும் தப்பாமல் சொல்கிறார்.

"அக்கி வந்து சாகக் கெடந்தேன். என் மாப்ளதான் ஒம்பது நாளு கூட்டிட்டுப் போயி எழுதிக் காப்பாத்துனான்."

போன ஞாயிற்றுக்கிழமை நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, யாரோ வெளியாளிடம் சொல்கிற மாதிரி என்னிடமே சொன்னார். அக்கா அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கும் என் முகத்தைப் பார்க்காமல் அவர் வாயைத் துடைத்துவிட்டு, "ஆமா, உங்க மாப்ளதான்" என்றாள்.