வல்லத்திலிருந்து வந்த அம்மா

கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில், செஞ்சியில் நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளிக்கு, பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து ஒரு பெண் பஸ் பிடித்து வந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா. கடலை பிடுங்கிக் காய்த்துப்போன விரல்கள். மாஸ்க் இல்லாததால், பேசும்போதெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஸ்கூல மூடாதீங்க டீச்சர்.”

“நோய் பரவுதும்மா. உங்க பொண்ணு உசுரு முக்கியமில்லையா?”

“அதுக்குத்தான் கேக்குறேன். படிக்கிற புள்ளன்னு சொல்லித்தான் கல்யாணத்தத் தள்ளிக்கினு வரேன். மூடிட்டா, அவ நைனா அவரு அக்கா புள்ளைக்குக் கட்டிக்குடுத்துடுவாரு. நான் இன்னா சொல்லி நிறுத்துவேன்?”

உத்தரவு என் கையில் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து அவர் கணவரிடம் பேசுவதாகச் சொன்னேன். அந்த அம்மா என் மேசையைப் பிடித்தபடி, “இன்னைக்கே வாங்க டீச்சர்,” என்றார். நாளை வருகிறேன் என்றேன். மறுநாள் ஊரடங்கு; பஸ் ஓடவில்லை.

பள்ளி திறந்தபோது அந்த அம்மா தனியாக வந்து, மகளின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தார். “மாசமா இருக்குது டீச்சர்,” என்றார்.

பள்ளியை மூடியது தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே அவரோடு நான் பஸ் ஏறியிருக்கலாம்.