மதாமின் தங்க மீன்களும் ஆற்று ஜோடியும்

வில்லியனூரில் நான் துணி தைத்துக்கொடுக்கும் பிரெஞ்சு மதாம், காரைக்காலுக்குப் போகும்போது நான்கு தங்க மீன்கள் இருந்த கண்ணாடித் தொட்டியை என்னிடம் ஒப்படைத்தார். தொட்டி வெறிச்சென்று இருக்கிறதே என்று, சங்கராபரணி ஆற்றில் பிடித்த இரண்டு புள்ளி மீன்களையும் அதில் விட்டேன்.

பத்தாம் நாள் காலையில் ஒரு தங்க மீனின் வால் கந்தலாகியிருந்தது. மறுநாள் மதாம் திரும்புகிறார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பூனை கைய வுட்டிருக்கும்,” என்றார் அவர்.

பலகை போட்டு மூடினேன். மதியத்துக்குள் இன்னொரு மீன் செதில் உரிந்து சாய்ந்து கிடந்தது. பயத்தோடு தொட்டியருகிலேயே உட்கார்ந்தேன். புள்ளி மீன்கள் ஒரு கல்லை விட்டு நகரவில்லை; பக்கத்தில் வந்ததையெல்லாம் பாய்ந்து கடித்தன.

“இன்னாங்க, இங்க பாருங்க! கல்லு பூரா முட்டை! அதக் காக்கத்தான் கடிக்குதுங்க!” என்று கத்தினேன்.

ஜோடியைக் கல்லோடு ஒரு பானைக்கு மாற்றினோம். சாய்ந்த மீன் மாலையில் நிமிர்ந்து நீந்தியது. மறுநாள் வந்த மதாமிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கந்தல் வாலையே பார்த்துவிட்டு, தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரம் அவரிடமிருந்து தைக்கத் துணி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது நான் வளர்க்கும் மீன்களில் இரண்டு ஒரே கல்லைச் சுற்றி நின்றால், முட்டை இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. உடனே தனிப் பானை வைத்துவிடுகிறேன்.