ஆட வந்தவர்கள் சுமந்து போனார்கள்

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நாங்கள் ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே ஃபிட்டர். சில வருஷங்களுக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்க்க அலுவலகத்தில் பயணச் சலுகை கொடுப்பார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதில் காசிக்கோ கன்னியாகுமரிக்கோ போய்விட்டு வந்து ஃபோட்டோ காட்டுவார்கள். நாங்கள் மட்டும் கல்யாணம் ஆனதிலிருந்து எங்கேயும் போனதில்லை. லீவு கிடைத்தால் விருதுநகரில் மாமியார் வீடு. அங்கே யாருக்காவது காதுகுத்து, யாருக்காவது வளைகாப்பு. அதோடு லீவு தீர்ந்துவிடும்.

அந்தத் தடவை, சலுகை காலாவதியாகப் போகிறது என்று தெரிந்ததும், ஷிஃப்ட் முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டே என் கணவர் கேட்டார், "பனி பார்க்கப் போவோமா?"

அவர் செக்‌ஷனில் வேலை பார்த்த ஒரு வடக்கத்திக்காரர் சொல்லியிருக்கிறார். மணாலியில் பனி விழுகிற நாளில் ஊரே கூடித் திருவிழா கொண்டாடுமாம். ஊர்வலம், ஆட்டம், பாட்டு, பனியில் சறுக்கு விளையாட்டு என்று நாலைந்து நாள் ஒரே அமர்க்களமாம். மார்கழி மாதத்து ஆவடிக் குளிருக்கே மங்கி கேப் போடுகிற மனிதர் இவர். நான் சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் ஆசைதான்.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயசு. அடிக்கடி சளி பிடிக்கிற உடம்பு. பனிக்குக் கூட்டிப் போக பயமாக இருந்தது. அம்பத்தூரில் இருந்த என் அக்கா, "நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்றாள். குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு, குவார்ட்டர்ஸில் வீடு வீடாக ஸ்வெட்டர் இரவல் வாங்கிக்கொண்டு, பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினோம். டில்லி வரைக்கும் ரயில், அப்புறம் மலைமேலே பஸ். பஸ்ஸிலிருந்து இறங்கிக் காலை வைத்த இடத்தில் பனி பொதக்கென்று உள்வாங்கியது. என் கணவர் குனிந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "உப்பு இல்லை" என்றார்.

நாங்கள் தங்கியது ஒரு சின்ன விடுதி. விடுதி என்று பெயர்தானே தவிர, அது ஒரு குடும்பம் குடியிருந்த மர வீடு. கீழே அவர்கள் இருந்தார்கள், மாடியில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு ஆப்பிள் தோட்டம். விடுதியை நடத்தியது அவர் மனைவிதான். நாற்பது வயசு இருக்கும். எந்நேரமும் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். எனக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. என் கணவருக்குத் தொழிற்சாலையில் பொறுக்கிய பத்துப் பதினைந்து வார்த்தைகள். எதற்கும் "அச்சா, அச்சா" என்று சொல்லிவிடுவார். அந்தம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

வந்த மறுநாள் காலையில் ஊர்வலம். அப்படி ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் வெள்ளைவெளேரென்று மலை. நடுவில் கடைத்தெரு. நம் ஊர்க் கொம்பைப் போல வளைந்த நீளமான ஊதுகுழல்களை ஊதிக்கொண்டு, தோல் மேளம் அடித்துக்கொண்டு, வண்ணப் பட்டை போட்ட தொப்பி வைத்த ஆண்கள் முன்னால் வந்தார்கள். பல்லக்கில் சாமிகள் வந்தன. பின்னாலேயே தெருவுக்குத் தெரு பெண்கள் குழுவாகக் கைகோத்து, இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று மெதுவாக ஆடிக்கொண்டு போனார்கள். மூக்கிலும் நெற்றியிலும் வெள்ளியும் தங்கமும் மின்னின. ஒரு முகத்திலும் அவசரம் இல்லை. பனித்தூள் தலையில் விழுந்துகொண்டே இருந்தது, யாரும் தட்டிவிடக்கூட இல்லை.

என் கணவர் சின்னப் பையன் மாதிரி கூட்டத்தில் எம்பி எம்பிப் பார்த்தார். "அங்கே பாரு, அங்கே பாரு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்போது எங்கள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னாக்கா, நம்மூரா?"

திரும்பினால், ராணுவ உடுப்பில் ஒருவர். மலைப்பாதை போடுகிற படைப்பிரிவில் டிரைவராம். "நம்ம ஊடு நூம்பல்ல கீதுக்கா. பூந்தமல்லி ரோட்ல எறங்கி உள்ள போவணும். தமிழ் காதுல வுய்ந்து ஆறு மாசம் ஆச்சு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். நாங்கள் எங்கே தங்கியிருக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "எதுனா வேணும்னா கேம்ப்ல சொல்லி அனுப்புங்க அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் அறைக்குத் திரும்பியபோது காலுறை, புடவைக் கரை எல்லாம் நனைந்து பல் கிட்டித்துவிட்டது. கரண்ட் வேறு இல்லை. வீட்டுக்கார அம்மா ஒரு இரும்புச் சட்டியில் கணகணவென்று கரித் தணலோடு மாடிக்கு வந்தார். அறை நடுவில் வைத்தார். நேராகப் போய் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தார். பிறகு ஏதோ படபடவென்று சொன்னார். அதில் "கிட்கி, கிட்கி" என்று இரண்டு மூன்று தடவை வந்தது. என் கணவர் "அச்சா, அச்சா" என்றார்.

அடுத்து என் பக்கம் திரும்பி, கைகளைக் கோத்து ஆடிக் காட்டி, "பட்டு, பட்டு" என்றார். எனக்கு ஆச்சரியம். இந்தக் குளிரில் பட்டுப்புடவையா? அவர் கீழே ஓடிப்போய் எடுத்துவந்தது கட்டம் போட்ட கம்பளி. அதை உடம்பில் சுற்றி வெள்ளி ஊசியால் குத்திக்கொள்கிறார்கள். அவர்கள் பாஷையில் அதற்குப் பெயர்தான் பட்டு. சாயங்காலம் மைதானத்தில் அவர் தெருப் பெண்கள் ஆடப்போகிறார்கள், நானும் அதை உடுத்திக்கொண்டு கூட வர வேண்டும் என்கிறார். நான் கன்னத்தில் கையை வைத்துத் தூங்குவது போல் காட்டி, இரண்டு கையையும் ஆட்டி, முடியாது என்று கும்பிட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. போய்விட்டார்.

"என்ன சொன்னாங்க முதல்ல?" என்று கேட்டேன்.

"கிடுக்கி வேணுமான்னு கேட்டாங்க. தணலைக் கிளற" என்றார் என் கணவர். ஃபிட்டர் இல்லையா, கிடுக்கி என்றால் அவருக்குக் கையில் பிடிக்கிற சாமான்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

திறந்திருந்த ஜன்னல் வழியாகக் குளிர் கத்தியாக வந்தது. அவர் எழுந்து அதை இறுக்கிச் சாத்தினார். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். செய்தித்தாளைக் கிழித்துச் சுருட்டி ஜன்னல் சந்தெல்லாம் அடைத்தார். கதவைத் தாழிட்டு, அடியில் துண்டைத் திணித்தார். கொஞ்ச நேரத்தில் அறை கதகதப்பாகிவிட்டது. "பார்த்தியா, ஆவடி மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். நானும் படுத்தேன்.

அதற்கப்புறம் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. தலைக்குள் சம்மட்டி அடிப்பது போல் ஒரு வலி. எழுந்து தண்ணீர் குடிக்க நினைக்கிறேன், கால் என்னுடையதாக இல்லை. பக்கத்தில் அவரைத் தொட நினைக்கிறேன், கை வரவில்லை. எங்கேயோ தொலைவில் கதவு தட்டுகிற சத்தம். நான் ஒரு கிணற்றுக்குள் கிடப்பது போலவும், யாரோ மேலே நின்று தட்டுவது போலவும் இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் நாக்கு புரளவில்லை. மகள் முகம் நினைவுக்கு வந்தது. எப்படியோ உடம்பைப் புரட்டினேன். கட்டிலிலிருந்து தொப்பென்று கீழே விழுந்தது வரைக்கும் தெரியும்.

கண்ணாடி உடைகிற சத்தம். முகத்தில் பனி. கண் விழித்தபோது நான் மாடி வராந்தாவில் கிடந்தேன். வீட்டுக்கார அம்மா என் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தார். நகையெல்லாம் போட்டு, ஆட்டத்துக்கு அலங்காரம் செய்த கோலத்தில் இருந்தார். அவர் கணவர் வராந்தாப் பக்கத்து ஜன்னலை உடைத்து உள்ளே குதித்து எங்களை இழுத்து வந்து போட்டிருக்கிறார். நான் குமட்டி வாந்தி எடுத்தேன். பக்கத்தில் என் கணவர். உதடு ஒரு மாதிரி நிறமாக இருந்தது. அவர்கள் அறைந்தார்கள், பனியைத் தேய்த்தார்கள், கத்திக் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை.

என் வாயிலிருந்து அழுகைகூட வரவில்லை.

கீழே அந்தம்மாவின் தெருப் பெண்கள் ஆட்டத்துக்குப் போகக் கூடியிருந்தார்கள். எட்டுப் பத்துப் பேர். எல்லாரும் மேலே ஓடிவந்தார்கள். திருவிழாக் கூட்டத்தால் தெரு அடைத்துக் கிடந்தது, வண்டி எதுவும் வர வழியில்லை. ஒருத்தி எதையோ சொன்னாள். உடனே ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து என் கணவரை அதில் கிடத்தி, கம்பளிகளைப் போட்டுப் போர்த்தி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டார்கள். சுற்றியிருந்த தங்கள் பட்டுக் கம்பளியையே சிலர் அவிழ்த்து அவர்மேல் போர்த்தினார்கள். இரண்டு பேர் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். பனிச்சரிவில் வழுக்காமல் காலைப் பதித்துப் பதித்து அவர்கள் கட்டிலைச் சுமந்து இறங்கினார்கள்.

கடைத்தெருவுக்கு வந்ததும் கூட்டம் எங்களை வேடிக்கை பார்த்தது. அலங்காரம் செய்த பெண்கள் கட்டிலில் ஓர் ஆளைச் சுமந்து வருவதைப் பார்த்து, இதுவும் ஒரு வேடிக்கை நிகழ்ச்சி என்று நினைத்திருக்கிறார்கள். சிலர் கைதட்டினார்கள். முன்னால் போன வீட்டுக்கார அம்மா ஒரு அதட்டல் போட்டார். கைதட்டல் நின்றது. மேளம் நின்றது. தெரு இரண்டாகப் பிளந்து வழி விட்டது. மேளக்காரர் ஒருவர் மேளத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து கட்டிலுக்குத் தோள் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்கள் ஒருத்தரும் போகவில்லை. வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், சுற்றிலும் வெள்ளி நகையும் கம்பளியுமாக நின்றவர்களைப் பார்த்தார். "ஊர்வலம் இன்னும் முடியலையா?" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பாஷை புரியாமலே அவர்களில் பாதிப் பேர் என்னோடு அழுதார்கள்.

மறுநாள், தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு இப்படி ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டு, நூம்பல்காரர் தேடி வந்தார். அவர் மூலமாகத்தான் எல்லாம் எங்களுக்கு விளங்கியது. மூடின அறைக்குள் கரித் தணல் எரிந்தால் வாசனையே இல்லாத விஷக் காற்று சேர்ந்துவிடுமாம். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்களாம்.

"அண்ணாத்தே, கிட்கின்னா ஜன்னலு. ஜன்னல மூடாதீங்கோன்னு மூணு வாட்டி சொல்லிகினு போயிருக்காங்க. நீ அச்சா அச்சான்னு தலையாட்டிகினு இருந்தியாமே" என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அதன் பிறகு அவர் தெரியாத பாஷைக்குத் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கார அம்மாவிடம் வேறொன்றையும் கேட்கச் சொன்னேன். வரவில்லை என்று நான்தான் சைகை காட்டிவிட்டேனே, பிறகு ஏன் மறுபடி வந்து கதவைத் தட்டினார்?

அந்தம்மா சொன்னதை அவர் இப்படிச் சொன்னார்: "வேணாம்னு நீங்க சொன்னது அவங்களுக்கு நல்லாவே புரிஞ்சுதாம்க்கா. ஆனா ஊரே ஆடுற நாள்ல, அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்த பொண்ணு ரூமுக்குள்ள படுத்துகினு கீதேன்னு மனசு கேக்கலையாம். இன்னொரு வாட்டி கேட்டுப் பாக்கலாம்னு பட்டு எடுத்துகினு மேல வந்து கதவத் தட்டினாங்களாம். உள்ள தொப்புனு சத்தம் கேட்டுச்சாம்."

அந்தப் பெண்கள் வாரக் கணக்கில் பழகியிருந்த ஆட்டம் எங்களால் நின்றுபோனது. அதைப் பற்றி ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. விஷயம் தெரிந்து, விழா நடத்தியவர்கள் கடைசி நாளில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்தம்மா எனக்குப் பட்டைச் சுற்றி, ஊசி குத்தி, தலையில் துணி கட்டிவிட்டார். நான் மறுக்கவில்லை. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொள்ள, மைதானத்தில் அவர்களோடு ஆடினேன். அடி மாற்றி மாற்றி வைத்து வரிசையையே குழப்பினேன். அவர்கள் சிரித்தார்கள், கையை மட்டும் விடவில்லை. என் கணவர் இரண்டு போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அந்தம்மா காலில் விழப் போனேன். தடுத்துக் கட்டிக்கொண்டார். வழிக்கு என்று, நம் கொழுக்கட்டை போல உள்ளே பூரணம் வைத்து அவித்த பண்டத்தை நெய் ஊற்றிக் கட்டிக் கொடுத்தார். அம்பத்தூர் வந்து சேர்ந்து மகளைத் தூக்கியவள், அன்று முழுக்க அவளை இறக்கிவிடவே இல்லை. நடந்ததை அக்காவிடம் அடுத்த வாரம்தான் சொன்னேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒரு கோலப்போட்டியோ, கொலுவோ, கோயில் விசேஷமோ நடந்தால் நான் எல்லா வீட்டுக்கும் போய்க் கூப்பிடுவேன். "நான் வரலை, நீங்க போங்க" என்று யாராவது சொன்னால் சரி என்று வந்துவிடுவேன். ஆனால் கிளம்புகிற நேரத்தில் மறுபடி ஒரு தடவை அந்த வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிடாமல் எனக்குக் கால் நகராது. அப்படி இரண்டாவது தடவை ஒருத்தி வந்து கூப்பிட்டதால்தான் நாங்கள் இருவரும் இன்று உயிரோடு இருக்கிறோம்.