தண்ணி வரிக்கு ஸ்பானிஷ்ல என்ன?

ஒரே ஒரு வார்த்தையால என் வேலை போச்சு. கெட்ட வார்த்தைகூட இல்ல. அதுவா இருந்திருந்தா வாய்விட்டுத் திட்டின திருப்தியாவது மிஞ்சியிருக்கும்.

சாயங்கால வகுப்புல ரெண்டு வருஷம் ஸ்பானிஷ் படிச்சிட்டு, பாரீஸ் கார்னர் பக்கம் ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸ்ல சேர்ந்தேன். காலடிப்பேட்டைலேர்ந்து தினமும் பஸ். ஆறு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம்னு சொல்லியிருந்தார் மேனேஜர். நான் வாயைத் தொறந்தாலே என் மெட்ராஸ் பாஷையைக் கேட்டு சிரிக்கிற ஆளு. வூட்டுல நானும் அம்மாவும்தான். அம்மா அந்த ஆறு மாசத்தை விரல் விட்டு எண்ணிக்கினு இருந்தாங்க.

கடைசி மாசம், தென் அமெரிக்காவுல ஏதோ ஒரு ஊரோட பட்ஜெட் வந்தது. கடன் குடுக்குற வெளிநாட்டு பேங்க் இங்கிலீஷ்ல போட்டது, ஊர்க்காரங்களுக்கு ஸ்பானிஷுக்கு மாத்தணும். மானியம், பற்றாக்குறை எல்லாம் தகராறு இல்லாம போச்சு. தண்ணிக்காக வூடுவூடா வாங்குற காசுலதான் வந்து மாட்டிக்கினேன். நம்ம வாயில எல்லாமே வரி. அவங்களுக்கு அப்படி இல்ல. ஒரு சேவை செஞ்சுட்டு வாங்கினா 'தாசா'. பதிலுக்கு எதுவும் தராம, கட்டியே தீரணும்னு வாங்கினா 'இம்புவெஸ்தோ'.

அகராதியில தாசான்னுதான் இருந்தது. பாக்கலன்னு சொல்லல. ஆனா அன்னிக்குக் காலையில அஞ்சு மணிலேர்ந்து குடத்தை வரிசையில வெச்சிக்கினு நின்னேன், லாரி வரல. வூட்டுக் குழாயில காத்துதான் வரும். வரிச் சீட்டு மட்டும் தவறாம வரும். குளிக்காம, வேர்வை நாத்தத்தோட உக்காந்துக்கினு, தண்ணிக் காசை சேவைக்கு வாங்குற காசுன்னு எழுத எனக்குக் கை வரல. எல்லா எடத்துலயும் இம்புவெஸ்தோன்னு போட்டேன். சத்தியமா, தப்புன்னே தோணல.

மொத்தமும் திரும்பி வந்துடுச்சு. "தண்ணி குடுத்துட்டுத்தானே காசு வாங்குறான்? அகராதி பாக்கத் தெரியாதா? உங்க பேட்டைக் கணக்கெல்லாம் இங்க எதுக்கு?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார் மேனேஜர். நாலு பேர் சிரிச்சாங்க. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது. அந்த ஆள் சொன்னது சரி. அதான் இன்னிக்கும் வயிறு எரியுது. காசு கட்டினா தண்ணி வர்ற ஊர் ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே! நாளைலேர்ந்து வர வேணாம்னுட்டார்.

அம்மா வாசல்ல உக்காந்து, அடையாளத்துக்குக் குடத்துல பெயிண்ட் வெச்சிக்கினு இருந்தாங்க.

"இன்னாடி, இந்நேரத்துக்கே வந்துட்டே?"

சொன்னேன். "தண்ணி குடுத்துட்டு வாங்கினா ஒரு வார்த்தை, குடுக்காம வாங்கினா வேற வார்த்தைம்மா. நான் ரெண்டாவதைப் போட்டுட்டேன்."

அம்மா பிரஷ்ஷைக் கீழ வெச்சாங்க. "அப்ப நீ கரீட்டாதானடி எழுதிக்கீறே?"

மறுவாரம் அவங்களே போய்த் தண்ணி வரி கட்டிட்டு வந்தாங்க. ரசீதை வாங்கிப் பாத்தேன். 'குடிநீர்க் கட்டணம்'னு கொட்டை எழுத்துல அடிச்சிருந்தான். படுபாவி, அவனும் தாசான்னுதான் போட்டிருக்கான்.