சாதி நாய்

ஆட்சி மாறியும் கூலி மாறாத வருடம் அது. குடவாசல் பக்கம் எங்கள் ஊர் மிராசுதார், கூலி உயர்வு கேட்டு நாங்கள் நடத்திய போராட்டத்துக்குப் பயந்து ராஜபாளையத்திலிருந்து ஒரு நாய் வாங்கிவந்தார். பாளையக்காரர்கள் பன்றி வேட்டைக்கு வளர்த்த சாதி நாய் என்று பீற்றிக்கொண்டார். அவருக்கு எதிலும் சாதிதான். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு. நாள் முழுக்கச் சங்கிலியோடு நடந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் எங்கள் தெருவை உட்காரவிடாது.

கறியில்லாமல் அது தின்னாது. அவர் வீட்டுக்குள்ளோ கறி நுழையக்கூடாது. அதனால் அவரிடம் கூலிவேலை பார்த்த என் அம்மாதான் கறிச்சோறு ஆக்கி, மாட்டுக்கொட்டகைப் பக்கமாகப் போய் வைத்துவிட்டு வருவாள். அந்த இனம் ஒரு கையைத்தான் நம்பும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார். வரப்பில் மறித்து நின்ற எங்கள்மேல் நாயை அவிழ்த்துவிட்டார். பாய்ந்து வந்தது. அது அம்மாவின் கையை முகர்ந்து, திரும்பி நின்று, அவரைப் பார்த்து உறுமியது.

அம்மா குரலை உயர்த்தாமல் அவரிடம் சொன்னாள்: "சோறு போடுறது யாருன்னு நாய்க்குத் தெரியுதுங்க."