வரிகளுக்கு நடுவே தொகுஜி

போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த தோக்கியோவில், கொஇஷிகாவா பகுதி அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோத்துவந்த மொரியாமா தொகுஜிக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது: கண் முழுவதும் கெடுவதற்குள் ரூபியிலிருந்து விடுதலை.

ரூபி என்பது வரிகளுக்கு இடையே நிற்கும் சிற்றெழுத்து. மேலிருந்து கீழாகச் செல்லும் ஜப்பானிய வரியில், கான்ஜி எழுத்து தன் பொருளைக் காட்டும். தன்னை எப்படி ஒலிக்க வேண்டும் என்று சொல்லாது. ஆகவே அதன் வலத்தோளை ஒட்டி, பாதி அளவில், ஒலியை மட்டும் சொல்லும் அசையெழுத்துகளை நிறுத்துவார்கள். ஆங்கிலேய அச்சகத்தார் பொடி எழுத்து ஒன்றுக்கு வைத்த மாணிக்கத்தின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. பெயரில் உள்ள பளபளப்பு வேலையில் கிடையாது.

அரிசிக் குருணை போன்ற ஈய எழுத்தை இடுக்கியால் எடுத்து, தலைகீழாய்த் தெரிவதைச் சரிபார்த்து, வரிகளுக்கு நடுவே இறக்க வேண்டும். ரூபி தேவைப்படாத இடத்தையும் சும்மா விட முடியாது. வெற்று ஈயத்துண்டுகளை வைத்து அடைக்காவிட்டால் வரி சரிந்துவிடும். ஒன்றுமில்லாததையும் தொகுஜி தம் கையால்தான் வைக்க வேண்டியிருந்தது. தும்மல் வந்தால், எழுத்து சிதறாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்முவார். வீட்டிலும் அதே பழக்கம்.

அந்த அச்சகம் அச்சிட்ட மாத இதழ், பக்கம் முழுவதும் ரூபி வைத்துவந்தது. ஒரு நாள் ஆசிரியர் நேரில் வருவதாகச் செய்தி வந்தபோது, மேற்பார்வையாளர் கஜிவாரா தொகுஜியைத் தனியே அழைத்தார்.

"தொகு-சான், ரூபியைக் குறைக்கலாமான்னு யோசிக்கிறாராம், அதால தொல்லையான்னு அந்த ஆளு கேப்பாரு. எப்பவும் போல பல்லைக் காட்டிட்டு நிக்காதீங்க. தொல்லைன்னு சொல்லுங்க. தலைப்பு எழுத்து மேசைக்கு உங்களை மாத்திடறேன்."

"தலைப்பு எழுத்தா? கண்ணை மூடிக்கிட்டே கோக்கலாமே, தலைவரே!"

"திறந்துக்கிட்டே கோத்துடுங்க. அது போதும்."

ஆசிரியர் கேட்டார். "ஆமாங்க, தொல்லைதாங்க" என்றார் தொகுஜி. வாழ்க்கையில் மேலிடத்துக்கு எதிரே அவர் துணிந்து பேசியது அவ்வளவே.

அடுத்த இதழில் மிகக் கடினமான சொற்களுக்கு மட்டுமே ரூபி இருந்தது. இடைவெளி தேவையில்லை என்று வரிகளையும் நெருக்கிக் காகிதத்தை மிச்சம் பிடித்தார்கள். தொகுஜி கட்டைவிரல் பருமனுள்ள எழுத்துகளோடு நிம்மதியாக நின்றார்.

வழக்கம்போல் இலவசப் பிரதியை மனைவி இனேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். சிறு வயதிலேயே சுவா வட்டாரத்துப் பட்டு நூற்பாலைக்கு அனுப்பப்பட்டவள் அவள். அசையெழுத்தோடு அவளுடைய படிப்பு நின்றுபோயிற்று. படகுத்துறையில் விடுதி நடத்தும் ஒரு விதவையின் தொடர்கதையைக் காகிதப் பை ஒட்டும் வேலைக்கு நடுவே விடாமல் படித்துவந்தாள். செத்துப்போனதாக எண்ணியிருந்த கணவனோ என்று ஐயுறும்படி யாரோ கதவைத் தட்டும் இடத்தில் சென்ற மாதம் கதை நின்றிருந்தது.

விடுமுறை ஞாயிறன்று, பார்லித் தேநீர்க் கெண்டியின் அடியில் அந்த இதழ் கிடப்பதைத் தொகுஜி கண்டார்.

"என்ன, படிச்சு முடிச்சாச்சா?"

"எங்கங்க படிக்கிறது? இதுவும் உங்களை மாதிரிதான் இருக்கு. முகம் தெரியுது, வாயைத் திறக்க மாட்டேங்குது."

ஆசிரியரிடம் தாம் சொன்ன வார்த்தை தொகுஜியின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அதை அவர் இனேயிடம் சொல்லவில்லை.

"கொண்டா, நான் படிச்சுக் காட்டறேன்."

"வேண்டவே வேண்டாம். போன தடவை படிச்சீங்களே! 'அவள் அழுதாள், முற்றுப்புள்ளி.' மெய்ப்புப் பாக்கிற மாதிரி புள்ளி, காற்புள்ளியெல்லாம் சேத்துச் சொன்னா யாருக்குங்க அழுகை வரும்? எனக்கு என் வாயால படிக்கணும்."

"பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்டக் கேக்கலாமே?"

"கேட்டேன். வந்தது புருஷன்தான்னு முடிவைப் பட்டுனு சொல்லிட்டா, பாவி. அவன் என்ன சொன்னான், இவ என்ன சொன்னா, அதுல்ல எனக்கு வேணும்!"

தொகுஜி கெண்டியைத் தூக்கினார். அட்டையில் வட்டமாக ஈரம் படிந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கூரிய பென்சிலால் முதல் வரியின் வலத்தோளில் அசையெழுத்துகளை எழுதத் தொடங்கினார். நெருக்கப்பட்ட வரிகளுக்கிடையே பென்சில் முனைக்கே இடம் போதவில்லை. ஈயத்திலாவது எழுத்தின் அளவு முன்கூட்டியே முடிவாகியிருந்தது. இங்கே அதையும் அவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

ஒரு பத்தி முடிவதற்குள் கண்ணில் நீர் கோத்தது. இனே தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எழுத்து பெருசா இருக்குங்க. பக்கத்து வரி மேல ஏறி உக்காருது."

தொகுஜி முகத்தைத் திருப்பித் தும்மினார். பிறகு பென்சிலை இன்னும் கூராகச் சீவினார்.

இனே பசைக் கிண்ணத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு அருகில் அமர்ந்து, அவர் எழுதிய பக்கத்தின் மேல் விரலை வைத்து, ஒவ்வோர் அசையாகப் படிக்கலானாள். விடுதிக் கதவு இன்னும் திறக்கவில்லை. தொகுஜி அவளுடைய விரலுக்கு ஒரு வரி முன்னே எழுதிக்கொண்டு போனார்.